மறதிக்கு மருத்துவரைப் பார்க்கப் போகும் முன்: பிரஷர் நோட்டிலிருந்து அதிகாரப் பத்திரம் வரை

பெரியம்மாவுக்கு மறதி கூடிவிட்டது என்று தெரிந்ததும் நாங்கள் முதலில் ஓடியது மூளை ஸ்கேன் எடுக்கத்தான். இதற்கென்று ஒதுக்கிய காசில் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது. படத்தைப் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பிரஷர் எத்தனை வருஷமா இருக்கு? வீட்டில் பார்த்தா எவ்வளவு காட்டுது?" யாருக்கும் பதில் தெரியவில்லை. அடுத்து, "எத்தனாவது வரை படிச்சாங்க? தனியாவா இருக்காங்க? காது கேட்குதா?" அதற்கும் ஆளுக்கொரு பதில். திரும்பி வந்து ஒவ்வொன்றாகத் தொடங்கி முடிக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. சரியான வரிசையில் போயிருந்தால் நான்கு மாதத்துக்குள் முடிந்திருக்கும். மிச்சம் பத்து மாதமாவது உங்களுக்கு வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. மருந்தை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் அவர்கள் வேலை. ஆனால் மருத்துவருக்கு என்ன தகவல் வேண்டும், அதை எந்த வரிசையில், எவ்வளவு செலவில் சேர்ப்பது என்பது முழுக்க நம் வேலை, அதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

ஒரே ஒரு விஷயம் மட்டும் முதலிலேயே மனதில் இருக்கட்டும். உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான், ஆனால் நாம் இழுக்கிற ஆக்ஸிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்குப் போகிறது. அதைக் கொண்டுபோகிற மெல்லிய ரத்தக்குழாய்கள் பிரஷராலும் சுகராலும் புகையாலும் வருடக்கணக்கில் கெட்டுப்போனால் அந்த விளைவு நினைவில்தான் வந்து நிற்கும். அல்சைமரும் ரத்தக்குழாய்ச் சேதமும் ஒரே மூளையில் சேர்ந்திருப்பது வயதானவர்களிடம் மிகச் சாதாரணம். லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிடுகிறது: குறைந்த பள்ளிப்படிப்பு, காது கேளாமை, அதிக எல்டிஎல் கொழுப்பு, மனச்சோர்வு, தலைக் காயம், உடலுழைப்பின்மை, சுகர், புகை, உயர் ரத்த அழுத்தம், உடல் பருமன், மிதமிஞ்சிய மது, தனிமைப்பட்டுப் போவது, காற்று மாசு, பார்வைக் குறைவு. உலகம் முழுக்க வருகிற டிமென்ஷியாவில் (அன்றாட வேலையையே பாதிக்கிற அளவு நினைவும் அறிவுத்திறனும் சரிவது, அல்சைமர் அதில் ஒரு வகை) சுமார் 45 சதவீதம் இந்தப் பதினான்கோடும் தொடர்புள்ளது என்பது அவர்கள் கணக்கு. பட்டியலைத் திரும்ப ஒரு முறை படியுங்கள், பாதி ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டது, மீதியில் பெரும்பகுதி அந்த மனிதர் வாழ்ந்த வாழ்க்கை. ஆகவே ஃபைலில் இரண்டும் இருக்க வேண்டும்.

1. இது காத்திருக்கிற விஷயமா என்று முதலில் பாருங்கள்

மறதி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வந்ததென்றால் கீழே உள்ள வரிசையில் நிதானமாகப் போகலாம். நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று ஆளை மாற்றிச் சொல்கிறார், பகலில் தூங்கி வழிகிறார், இல்லாததைப் பார்க்கிறார் என்றால் அது வேறு. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உப்புச் சத்துக் குறைவு, புது மாத்திரை இவற்றால் வருகிற திடீர்க் குழப்பமாக அது இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது என்றால் நிமிடக் கணக்கு, பக்கவாதம் என்று வைத்துக்கொண்டே ஓடுங்கள். அந்த அறிகுறி கடைசியாக இல்லாமல் இருந்த நேரம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள், அங்கே கேட்கிற முதல் கேள்வி அதுதான். சில வாரங்களுக்கு முன் தலை அடிபட விழுந்தாரா என்பதும் முக்கியம். மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தம் வாரங்கள் கழித்துத்தான் மறதியாக வெளியே தெரியும், அது அறுவை சிகிச்சையில் சரியாகக்கூடிய ஒன்று.

2. ஒரே ஃபைல், ஒரே ஆள்

வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரிடமும் காகிதம் இருக்கும். ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். ஃபைலில் வைக்க வேண்டியவை:

- பழைய டிஸ்சார்ஜ் சம்மரிகள், முக்கியமாக இதயம், பக்கவாதம், தலைக் காயம் சம்பந்தமானவை
- கடைசி இரண்டு வருட ரத்தப் பரிசோதனை முடிவுகள், தேதி வரிசைப்படி
- இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் பட்டியல்
- கண்ணாடிச் சீட்டு, காதுப் பரிசோதனை இருந்தால் அது
- அடையாள அட்டை, காப்பீடு இருந்தால் அதன் நகல்
- முதல் மறதிச் சம்பவங்கள், தோராய மாதத்தோடு

கடைசி வரியைத் தள்ளிவிடாதீர்கள். "கொஞ்ச நாளா மறதி" என்பது மருத்துவருக்கு எதுவும் சொல்லாது. "ஒன்றரை வருடத்துக்கு முன் வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் நின்றார், அதற்குப் பிறகு ஆறு மாதம் அப்படியே இருந்தார், போன மாதம் திடீரென்று ஒரு படி இறங்கிவிட்டார்" என்பது நிறையச் சொல்லும். சீராகச் சரிவதா, படிப்படியாக இறங்குவதா என்பது ரத்தக்குழாய்க் காரணத்தைச் சந்தேகிக்க ஒரு துப்பு. கூட இருப்பவரிடம் கேட்பதற்கென்றே ஏடி8 என்று எட்டுக் கேள்வித் தாள் ஒன்று இருக்கிறது, கடந்த சில வருடங்களில் மாற்றம் உண்டா என்று மட்டும் கேட்கும், இரண்டு அல்லது அதற்கு மேல் 'ஆம்' வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். இந்தக் கட்டத்துக்கு ஃபைல் காசைத் தவிரச் செலவில்லை, ஒரு வாரம் போதும்.

3. ஏழு நாள் பிரஷர் நோட்டு

இதை நான் இரண்டாவது மாதத்தில் செய்திருக்க வேண்டும், ஒன்பதாவது மாதத்தில் செய்தேன். மருத்துவமனையில் வரிசையில் உட்கார்ந்து, பேர் கூப்பிட்டதும் எழுந்து ஓடி, பேசிக்கொண்டே பார்க்கிற பிரஷரை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. சிலருக்கு அங்கே கூடும், சிலருக்கு அங்கே சரியாக இருந்து வீட்டில் கூடும்.

மேல்கையில் சுற்றுகிற கருவி வாங்குங்கள், மணிக்கட்டுக் கருவி அவ்வளவு நம்பகமில்லை. பட்டை கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும், பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் இல்லாத பிரஷர் கூடுதலாகக் காட்டும். அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, டீ, புகை, வேகமான நடை எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட, காலைக் குறுக்கே போடாமல், கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பிறகு ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலை மருந்துக்கு முன், அப்புறம் இரவு. ஏழு நாள். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மீதி எல்லாவற்றுக்கும் சராசரி எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85-க்கு மேல் என்றால் அது உயர் ரத்த அழுத்தம் என்றுதான் பெரும்பாலான வழிமுறைகள் சொல்கின்றன.

கூடவே ஒரு வேலை, இதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை: படுத்தோ உட்கார்ந்தோ ஒரு தடவை பார்த்துவிட்டு, எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள், பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்கட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பெரியம்மா நோட்டில் உட்கார்ந்து 148, நின்றதும் 119 என்று என் தங்கை எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவர் மாத்திரை வேளையையே மாற்றினார். அதுவரை மருத்துவமனை எண் கூடுதலாக இருக்கிறது என்று மருந்தைக் கூட்டிக்கொண்டே போயிருந்தார்கள், பெரியம்மாவோ காலையில் எழும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், அதையும் நாங்கள் மறதியோடு சேர்த்து 'வயசாச்சு' என்று விட்டிருந்தோம்.

எவ்வளவுக்கு இறக்க வேண்டும் என்று இணையத்தில் தேடினால் 120 என்று வரும். அது ஸ்பிரிண்ட் மைண்ட் என்ற ஆய்விலிருந்து வருகிறது. மேல் எண்ணை 140-க்குக் கீழ் வைத்தவர்களைவிட 120-க்குக் கீழ் வைத்தவர்களுக்கு லேசான நினைவுக் குறைபாடு 19 சதவீதம் குறைந்தது என்று 2019-ல் வெளியிட்டார்கள். முழு டிமென்ஷியாவைப் பொறுத்தவரை அந்த ஆய்வில் உறுதியாகச் சொல்லும்படி வேறுபாடு கிடைக்கவில்லை. அதில் சுகர் உள்ளவர்களையும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களையும் சேர்க்கவே இல்லை. ஆகவே 120 என்ற எண்ணை நீங்களாகவே எடுத்துப் பொருத்தாதீர்கள். எனக்கு இதைவிட நம்பிக்கை தந்தது 2025-ல் வந்த சீனக் கிராமப்புற ஆய்வு. 326 கிராமங்கள், சுமார் 34,000 பேர், பெரிய மருத்துவர்கள் இல்லாமல் கிராம மருத்துவப் பணியாளர்களே மருந்து கொடுத்து, வீட்டில் பிரஷர் பார்க்கச் சொல்லித் தந்து நான்கு வருடம் கவனித்தார்கள், டிமென்ஷியா 15 சதவீதம் குறைந்தது. அதாவது வசதி குறைந்த இடத்திலும், படிப்புக் குறைந்தவர்களிடமும் இது நடக்கும்.

4. ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும்

ஒரே நாளில், ஒரே ஊசியில் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், தனித்தனியாகப் போனால் கட்டணமும் அலைச்சலும் கூடும். மருத்துவரிடம் சீட்டு வாங்கும்போதே கேளுங்கள்: ரத்த அணுக்கள், ஹெச்பிஏ1சி, கொழுப்பு அளவுகள், சிறுநீரகம், கல்லீரல், சோடியம், கால்சியம், தைராய்டு, பி12. முடிவு ஒன்றிரண்டு நாளில் வந்துவிடும்.

பி12 குறைவும் தைராய்டு குறைவும் மறதியைப் போலவே நடிக்கும், இரண்டுமே மருந்தில் சரியாகக்கூடியவை. சுகருக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது சகஜம், அவர்கள் இதை விடவே கூடாது.

ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டுகிறது, அதனால் மருந்து மாற்றிய மறு வாரமே திரும்ப எடுப்பது வீண் செலவு. முதியவர்களுக்கு அந்த எண்ணை ரொம்பவும் கீழே கொண்டுவருவதும் ஆபத்து. சுகர் அடிக்கடி தாழ்ந்துபோவது மூளைக்கு நல்லதில்லை, விழவும் வைக்கும். எடையைப் பொறுத்தவரை, தெற்காசியர்கள் உள்ளிட்ட ஆசியர்களுக்குப் பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவு) 23-லேயே ஆபத்து ஏறத் தொடங்குவதால் 25 என்ற பொது எல்லையை நம்பி 'எடை சரிதான்' என்று விட்டுவிட வேண்டாம். ஒல்லியாக இருப்பவருக்கும் சுகர் பாருங்கள்.

ஈசிஜி எதற்கென்றால், இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கிற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறு பக்கவாதத்துக்குப் பெரிய காரணம், பக்கவாதம் டிமென்ஷியாவுக்குப் பெரிய காரணம். நாடி ஒழுங்கில்லாமல் தட்டினால், சில நொடி ஈசிஜியில் அகப்படாமல் போகலாம், 24 மணி நேரம் மாட்டிக்கொள்ளும் கருவி தேவையா என்று கேளுங்கள். இரவில் பெரிய குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறுவது இருந்தால் அதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள்.

5. மாத்திரைப் பையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள்

பட்டியல் எழுதுவது போதாது, வீட்டில் இருக்கிற அத்தனை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். தானாக வாங்கிச் சாப்பிடுகிற சளி மாத்திரை, தூக்க மாத்திரை, பக்கத்து வீட்டார் கொடுத்தது, எல்லாம். பழைய வகை அலர்ஜி மாத்திரையான குளோர்ஃபெனிரமைன், சிறுநீர் அடக்க முடியாததற்குத் தருகிற ஆக்ஸிபியூட்டினின், நரம்பு வலிக்குத் தருகிற அமிட்ரிப்டிலின் போன்றவை முதியவர்களின் நினைவை மங்கச் செய்யக்கூடியவை. கண்டுபிடித்ததும் நீங்களே நிறுத்தாதீர்கள், குறிப்பாகத் தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. "இதற்கு மாற்று உண்டா?" என்று மட்டும் கேளுங்கள்.

நினைவுக்கென்று விற்கிற வைட்டமின், மீன் எண்ணெய் மாத்திரைகளில் காசைப் போடாதீர்கள். வைட்டமின் பி, இ, கொழுப்பு அமில மாத்திரைகள், கலவை மாத்திரைகள் எதையும் டிமென்ஷியா ஆபத்தைக் குறைக்கப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 வழிகாட்டுதலில் நேராகவே சொல்லிவிட்டது. குறைபாடு இருந்து மருத்துவர் எழுதுகிற பி12 வேறு கதை.

6. காதும் கண்ணும், மறதிப் பரிசோதனைக்கு முன்பே

வரிசை இங்கே ரொம்ப முக்கியம். காது கேட்காதவரிடம் ஐந்து சொல்லைச் சொல்லி, திரும்பச் சொல்லுங்கள் என்றால் அவர் தோற்பது நினைவிலா, செவியிலா? பெரியம்மாவின் இடது காதிலிருந்து நர்ஸ் வெந்நீரைப் பீய்ச்சிக் கழுவியபோது சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பழுப்பாக ஒரு கட்டி வந்து விழுந்தது. கண்ணை மூடியிருந்தவர் சட்டென்று தலையைத் திருப்பி, "யாரு அழுறது?" என்றார். வெளியே வராந்தாவில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, அதே காதோடுதான் அவருக்கு முதல் மறதிப் பரிசோதனை நடந்து முடிந்திருந்தது.

அழுக்கு எடுப்பது சின்னச் செலவு, உடனே நடக்கும். செவித்திறன் பரிசோதனைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கருவி தேவை என்றால்தான் பெருஞ்செலவு, அதனால் காப்பீட்டிலோ அரசுத் திட்டத்திலோ வருமா என்று வாங்கும் முன் கேளுங்கள், வாங்கிவிட்டுக் கேட்டால் பல இடங்களில் தர மாட்டார்கள். திருப்பிக் கொடுக்க அவகாசம் உண்டா, பொருத்தியபின் எத்தனை முறை இலவசமாகச் சரிசெய்து தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள், ஏனென்றால் முதல் சில வாரங்கள் இரைச்சல் தாங்காமல் கழற்றி வைப்பவர்கள்தான் அதிகம்.

கருவி போட்டால் நினைவு காப்பாற்றப்படுமா? அச்சீவ் என்ற ஆய்வு 2023-ல் 977 பேரின் மூன்று வருட முடிவை வெளியிட்டது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வேறுபாடில்லை, ஆனால் ஏற்கெனவே ஆபத்துக் காரணிகள் அதிகம் இருந்தவர்களிடம் மட்டும் அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் மெதுவானது. பிரஷரும் சுகரும் உள்ள, தனியாக இருக்கிற ஒருவருக்குக் காதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று அதை நான் எடுத்துக்கொண்டேன். கண்புரையும் அப்படித்தான். எப்படியும் செய்யத்தான் போகிறோம் என்றால் சீக்கிரம் செய்துவிடுவது நல்லது.

7. ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பு

இதை எந்த மருத்துவமனையும் கேட்டு வாங்காது, நீங்களே எழுதிக் கொண்டுபோக வேண்டும். ஒரே பக்கம்தான், அதற்கு மேல் எழுதினால் படிக்க மாட்டார்கள்.

எத்தனை வருடம் பள்ளிக்குப் போனார், எந்த மொழியில். இப்போது எந்த மொழியைச் சரளமாகப் பேசுகிறார், எதைப் படிக்கத் தெரியும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. என்ன வேலை செய்தார். புகையடுப்பில் எத்தனை வருடம் சமைத்தார், புகை, மது உண்டா. இடம்பெயர்ந்தவரா, சுற்றியிருப்பவர்கள் பேசும் மொழி அவருக்குத் தெரியுமா. யாரோடு இருக்கிறார், ஒரு வாரத்தில் எத்தனை பேரோடு முகம் பார்த்துப் பேசுகிறார். துணைவர் எப்போது இறந்தார், அதற்குப் பிறகு என்ன மாறிற்று. மருந்து வாங்கக் காசு போதாமல் என்றாவது நிறுத்தினாரா, மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆள் இருக்கிறதா.

மருந்துக் காசு பற்றிய கேள்வியைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் கேளுங்கள். பெரியம்மா பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டு வந்திருக்கிறார், மாதக் கடைசியில் யாரையும் கேட்கக் கூடாது என்று. மறந்துவிட்டுச் சாப்பிடவில்லை என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

தனிமையைப் பற்றிக் கேட்க மூன்று கேள்வி போதும்: பேச்சுத்துணை இல்லை என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது, ஒதுக்கப்பட்டதுபோல் எவ்வளவு அடிக்கடி, எல்லோரிடமிருந்தும் பிரிந்துபோனதுபோல் எவ்வளவு அடிக்கடி. வீடு நிறைய ஆட்கள் இருந்தும் மூன்றுக்கும் 'அடிக்கடி' என்று சொல்பவர்கள் உண்டு, ஆகவே பிள்ளைகள் எதிரில் கேட்காதீர்கள். மனச்சோர்வு தனியாகப் பார்க்கப்பட வேண்டிய ஒன்று. முதியவர்களுக்கென்றே 15 கேள்வி கொண்ட தாள் இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்.

இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். அமெரிக்காவில் வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் கறுப்பின முதியவர்களுக்குச் சுமார் இரண்டு மடங்கும் ஹிஸ்பானிக் முதியவர்களுக்குச் சுமார் ஒன்றரை மடங்கும் டிமென்ஷியா வருவதாக அங்குள்ள அல்சைமர் சங்கம் சொல்கிறது, அந்த வேறுபாட்டைப் பிறவி மரபணுவை வைத்து விளக்க முடியாது, நீண்டகால நோய்களும் வாழ்க்கை நிலையும்தான் பெரிய பங்கு என்றும் சொல்கிறது. இனத்தின் பெயரைப் படிவத்தில் நிரப்பினால் அந்த வாழ்க்கை அதில் வராது. ஒரு பக்கத்தில் எழுதினால் வரும்.

8. மறதிப் பரிசோதனை: எந்தத் தாள், எந்த மொழி

நாள் குறிக்கத் தொலைபேசியில் பேசும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பரிசோதனைத் தாள் பயன்படுத்துவீர்கள்? அவர் மொழியில் உண்டா? மொழிபெயர்ப்பாளர் வருவாரா, அதற்குத் தனிக் கட்டணமா?

பொதுவாகப் புழங்குகிற இரண்டு தாள்களுக்குமே மதிப்பெண் 30. எம்எம்எஸ்இ என்பதில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும், எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய வேண்டும், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும், ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். மோகா இன்னும் கடினம், 26-க்குக் கீழ் என்றால் குறைவு என்பது அதன் முதல் கணக்கு. படிப்பு 12 வருடம் அல்லது அதற்குக் குறைவு என்றால் ஒரே ஒரு மதிப்பெண் கூட்டித் தருகிறார்கள். மூன்றாவது வரை படித்தவருக்கும் அதே ஒரு மதிப்பெண்தான்.

பெரியம்மாவிடம் பேனாவைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார்கள். பேனாவைக் கையில் வாங்கி, மூடியைக் கழற்றி, திரும்ப மூடி, மேசை ஓரத்தில் நேராக வைத்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராது, நீயே எழுதிடு கண்ணு" என்றார். பூஜ்யம் போட்டார்கள். பள்ளி விட்ட பிறகு அவர் பேனா பிடித்ததே கையெழுத்துக்கு மட்டும்தான் என்று யாரும் கேட்கவில்லை, நானும் அப்போது சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த மதிப்பெண் அடுத்த ஒரு வருடம் ஒவ்வொரு ஃபைலிலும் பின்தொடர்ந்தது.

படிப்புக் குறைந்தவர்களுக்கென்று மோகா பேசிக் என்ற வடிவம் இருக்கிறது. பல மொழி, பல பண்பாட்டு முதியவர்களுக்காக ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய ரூடாஸ் இருக்கிறது, அதுவும் 30 மதிப்பெண், 22 அல்லது அதற்குக் கீழ் என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு கையை மடக்கி மறு கையை விரித்து மாற்றி மாற்றிச் செய்வது, போக்குவரத்து அதிகமான சாலையை எப்படிப் பத்திரமாகக் கடப்பீர்கள் என்று சொல்வது போன்றவை அதில் வரும். ஒரு படம் வரைவதும் உண்டு, ஆனால் முழுத்தாளும் எழுத்தை நம்பியது இல்லை. பெயரைச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் பல இடங்களில் தருகிறார்கள்.

அன்றைக்குச் செய்ய வேண்டியவை: காலை நேரம் வாங்குங்கள். இரவு தூங்காமல், காய்ச்சலோடு போகாதீர்கள், தேதியை மாற்றிவிடுங்கள். கண்ணாடி, காதுக் கருவி, அதற்கு உபரி பேட்டரி. வீட்டார் மொழிபெயர்க்க வேண்டாம், பாசத்தில் நாம் விடையையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம். முடிந்ததும் மொத்த மதிப்பெண் மட்டும் வாங்கி வராதீர்கள், எந்தத் தாள், எந்த மொழி, எந்தப் பகுதியில் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஒரு மணி நேரம் ஆகலாம். நினைவு மருத்துவமனைகளில் காத்திருப்புப் பட்டியல் நீளம், அதனால் இரண்டாம் படி முடிந்ததுமே பெயரைக் கொடுத்துவிட்டு அந்த இடைவெளியில் மூன்று முதல் ஏழு வரை முடியுங்கள்.

9. ஸ்கேன் இப்போதுதான்

சிடி மலிவு, சீக்கிரம் முடியும், ரத்தக் கசிவு, பெரிய பக்கவாதம், கட்டி இவற்றைக் காட்டிவிடும். எம்ஆர்ஐ செலவு அதிகம், இருபது நிமிடத்துக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டும், ஆனால் சின்ன ரத்தக்குழாய்ச் சேதத்தை அதுதான் நன்றாகக் காட்டும். பேஸ்மேக்கர் முதலான உலோகம் உடம்பில் இருந்தால் முன்பே சொல்ல வேண்டும், அந்தக் கருவியின் அட்டையையும் எடுத்துப்போக வேண்டும். ஏற்கெனவே எடுத்த படம் இருந்தால் அதைக் காட்டாமல் புதிதாக எடுக்காதீர்கள். அறிக்கைத் தாளோடு படத்தின் குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள், பல வருடம் கழித்து ஒப்பிட அதுதான் உதவும். காப்பீடு இருந்தால் முன் அனுமதி வாங்கச் சில நாள் பிடிக்கும். பெட் ஸ்கேன் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை, யாராவது முதலிலேயே அதைச் சொன்னால் எந்தச் சிகிச்சை முடிவு அதனால் மாறும் என்று கேளுங்கள்.

அறிக்கையில் 'வெண்பொருள் மாற்றங்கள்' (மூளையின் உட்பகுதியில் தெரிகிற திட்டுகள்) என்ற பொருளில் ஒரு வரி வந்தால் பதறாதீர்கள், வயதோடு ஓரளவு எல்லோருக்கும் வரும். எவ்வளவு, எங்கே, நம் பிரஷர் நோட்டோடு பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

10. பத்திரங்கள்: கையெழுத்துப் போடத் தெரியும்போதே

நோய்ப் பெயர் உறுதியானால் அடுத்த மாதத்துக்குள் இதை முடியுங்கள். உறுதியாகாவிட்டாலும் முடியுங்கள். வங்கி, மருத்துவ முடிவுகளை அவருக்காக இன்னொருவர் எடுக்க உரிமை தருகிற அதிகாரப் பத்திரம், உயில், தனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று அவரே சொல்லி வைப்பது. புரிந்து சம்மதிக்கும் நிலையில் இருக்கும்போது போட்டால்தான் செல்லும். பெரிய பொறி ஒன்று உண்டு: பல நாடுகளில் சாதாரண அதிகாரப் பத்திரம், கொடுத்தவர் புரிந்து முடிவெடுக்கும் திறனை இழந்தால் செல்லாமல் போய்விடும், அதற்குப் பிறகும் நீடிக்கும் வகை தனியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்கள் நாட்டில் எது என்று ஒரு வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். பின்னால் நீதிமன்றம் போய்க் காப்பாளர் உத்தரவு வாங்குவதோடு ஒப்பிட்டால் அந்த ஆலோசனைக் கட்டணம் ஒன்றுமே இல்லை. பத்திரம் போடும் நாளில் அவருக்குப் புரிகிறது என்று மருத்துவர் தரும் சான்றிதழையும் சேர்த்து வைத்துக்கொண்டால், நாளை குடும்பத்துக்குள் கேள்வி வராது. இதையெல்லாம் அவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள், அவரை உட்கார வைத்து, அவர் வார்த்தையில் கேட்டுச் செய்யுங்கள்.

11. தினசரி வேலை

பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரை வைத்து நடந்த ஃபிங்கர் ஆய்வு, 2015-ல் முடிவு வந்தது. உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்தக்குழாய்க் காரணிகளைக் கண்காணிப்பது எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வருடம் செய்தவர்களுக்கு அறிவுத்திறன் நன்றாக நின்றது. எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்கிறது, ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதாது என்றுதான் அதிலிருந்து எனக்குப் புரிந்தது.

உடற்பயிற்சி: வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான வேக நடை, அதோடு விழாமல் இருக்கச் சமநிலைப் பயிற்சி மூன்று நாள். உப்பு: ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது சமன் செய்த ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. மாத்திரைக்கு ஏழு நாள் டப்பா. புகை எந்த வயதில் நிறுத்தினாலும் பலன் உண்டு.

தனிமைக்கு மாத்திரை இல்லை, அட்டவணை உண்டு. "அடிக்கடி வருகிறோம்" என்பது நடக்காது. நாங்கள் நடைக்கும் ஆளுக்கும் ஒரே நேரத்தைக் கட்டினோம்: செவ்வாய், வியாழன், சனி மாலை யாராவது ஒருவர் வந்து பெரியம்மாவோடு நடக்க வேண்டும், வர முடியாதவர் மாற்று ஆளை அவரே ஏற்பாடு செய்ய வேண்டும். நடந்து வந்ததும் பிரஷர் பார்ப்பதில்லை, அரை மணி நேரம் பேச்சு, அப்புறம்தான் நோட்டு. கவனித்துக்கொள்பவருக்கும் வாரத்தில் அரை நாள் முழு விடுப்பு அட்டவணையிலேயே இருக்க வேண்டும்.

12. மறுபடி எப்போது

மருந்து மாற்றினால் நான்கு வாரம் கழித்து இன்னொரு ஏழு நாள் நோட்டு. ஹெச்பிஏ1சி மூன்று மாதம் கழித்து, நிலைத்துவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. காது, கண் வருடத்துக்கு ஒரு முறை. மறதிப் பரிசோதனை ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள், அதே தாள், அதே மொழி, முடிந்தால் அதே நேரம். வேறு தாளில் எடுத்த மதிப்பெண்ணோடு ஒப்பிட முடியாது, அதையும் மீறி யாராவது ஒப்பிட்டால் தயங்காமல் சொல்லுங்கள். பெரியம்மாவுக்குக் காது சுத்தம் செய்து, பி12 ஊசி போட்டு, பிரஷர் மருந்து திருத்தி, ரூடாஸில் அவர் மொழியில் எடுத்தபோது 21 வந்தது. மறதி இருக்கத்தான் செய்கிறது, ரத்தக்குழாய்ச் சேதமும் இருக்கிறது, ஆனால் முதலில் சொன்ன அளவுக்கு இல்லை. ஒரு வருடம் கழித்தும் 21. அடுத்த தேதி ஃபைல் அட்டையின் மேலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது, பக்கத்தில் 'கண்ணாடி, பேட்டரி, நோட்டு' என்று தங்கை எழுதி ஒட்டியிருக்கிறாள்.